கவாத்து விழாத மரங்கள்

தேயிலை பறிக்க மரம் ஏறுகிறார்கள்.

வால்பாறை, குன்னூர்ப் பக்கம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒட்டவே ஒட்டாது. கொழுந்து என்றால் இடுப்புயரம். கிள்ளி முதுகுக் கூடைக்குள் போடுவது. இங்கே மரத்தில் ஏணி சாய்ந்திருக்கிறது. சில மரங்களுக்கு மூங்கிலில் சாரமே கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏறுகிறவர்களில் பெண்கள் நிறைய. பையைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு. ஒரு கை கிளையில், ஒரு கை கொழுந்தில்.

யுன்னான் மாநிலம். சீனாவின் தென்மேற்கு மூலை. பர்மா, லாவோஸ், வியட்நாம் மூன்றும் வந்து ஒட்டும் இடம். நடுவே லான்சாங் ஆறு. எல்லை தாண்டிவிட்டால் அதுதான் மீகாங்.

சிஷுவாங்பன்னா, பூஅர், லின்சாங். இந்த மூன்று வட்டாரங்கள் தெரிந்தால் போதும். மிச்சமெல்லாம் மலைப் பெயர், ஊர்ப் பெயர், விலை.

வேறு செடி ஒன்றும் இல்லை. நம் டீக்கடைத் தூளும் இதே இனம். கமேலியா சினென்சிஸ். பெரிய இலை வகைக்கு அசாமிகா என்று கூடுதல் பெயர். 1823-இல் ராபர்ட் புரூஸ் அசாமில் சிங்போ மக்களிடம் பார்த்ததும் பெரிய இலைதான்.

வெட்டாமல் விட்டால் மரம். பத்து மீட்டருக்கு மேல் போகும். வெட்டிக்கொண்டே இருந்தால் புதர்.

நாலைந்து வருடத்துக்கு ஒரு கவாத்து என்று வைத்தாலும், நூறு வயதுச் செடிக்கு இருபது தடவை தலை போயிருக்கும்.

ஜிங்மாய் மலை. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தேயிலைக்காகவே அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம். ஐந்து பழந்தேயிலைக் காடுகள், ஒன்பது ஊர்கள், இடையில் தடுப்பாக விட்டுவைத்த மூன்று காட்டுப் பட்டைகள்.

காடு என்கிறார்கள். பார்த்தாலும் காடுதான். மேலே பெருமரம், நடுவே தேயிலை, கீழே புல், பூண்டு, பெரணி. வரிசை கிடையாது. பாத்தி கிடையாது.

ஆனால் நட்டது.

புலாங் மக்களும் தாய் மக்களும் நட்டது. (இந்தத் தாய், தாய்லாந்துக்காரர்களுக்கு உறவு முறை.) பெருமரங்களில் வேண்டாததை எடுத்துவிட்டு, நிழலுக்கு வேண்டியதை நிறுத்தி, அதனடியில் தேயிலை.

நூற்றாண்டுகள் போனபின் நட்டதற்கும் தானாக முளைத்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. விற்கிறவர்களுக்கு அது வசதி. 'காட்டு மரத்துத் தேயிலை' என்று உறையில் அச்சடித்துவிடலாம்.

பூச்சிமருந்து அடிப்பதில்லை. சிலந்தி நிறைய. வலையைக் கையால் விலக்கிவிட்டுத்தான் பறிக்க வேண்டும்.

புலாங் வீட்டுக் கூரை முகட்டில் ஒரு மரச் சின்னம். ஒரு மொட்டு, இரண்டு இலை. தாய் மக்கள் வீட்டு முகட்டில் மாட்டுக் கொம்பு. யார் வீடு என்று தெருவில் நின்று கேட்க வேண்டியதில்லை.

புலாங் மூதாதை பா அய் லெங். பிள்ளைகளுக்கு எதை விட்டுப்போவது என்று யோசித்தாராம். மாடு விட்டுப்போனால் நோயில் சாகும். பொன், வெள்ளி விட்டுப்போனால் தின்றே தீர்த்துவிடுவார்கள். தேயிலை மரத்தை விட்டுப்போனார். ஏப்ரல் நடுவில் அவருக்கு விழா.

ஒவ்வொருவர் தோட்டத்திலும் முதலில் நட்ட மரம் ஒன்று இருக்கும். அதில் ஆவி குடியிருக்கிறது. பறிப்பு தொடங்குமுன் அதற்குப் படையல்.

வயது. எல்லாருக்கும் வயதுதான் வேண்டும்.

ஃபெங்ச்சிங் மாவட்டத்தில் ஒரு மரம். உயரம் பத்து மீட்டர் சொச்சம். அடிச்சுற்று ஐந்து மீட்டருக்கு மேல். 3,200 வயது என்கிறார்கள். அப்படியானால் ஷாங் அரசர்கள் எலும்பில் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது இது கன்று.

தேயிலை மரம் முதுமையில் உள்ளே பொந்தாகிவிடும். வளையம் எண்ண நடுமரம் இருக்காது. அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பி ஒன்றோடொன்று சேர்ந்தும்கொள்ளும். ஆகவே நாடா போட்டுச் சுற்றளவு பார்த்து, பெருக்கி, ஒரு எண் சொல்கிறார்கள்.

பாங்வாய் மரம். லான்சாங் மாவட்டம். 1991-இல் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. பூவும் விதையும் காட்டு ஜாதி, தளிரும் இலையும் தோட்ட ஜாதி. இரண்டுக்கும் இடைப்பட்டது என்று எழுதிவைத்தார்கள். 1997-இல் சீன அஞ்சல் துறை தேயிலைக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதல் தலையில் இந்த மரம். வயது ஆயிரம்.

ஆயிரத்துக்குக் கீழே எதற்கும் மரியாதை இல்லை போலிருக்கிறது.

நான்னுவோ மலையில் ஒரு ராஜா மரம் இருந்தது. 800 வயது என்று பெயர். 1990-களின் நடுவில் பட்டுப்போனது. இப்போது அதே மலையில் வேறொரு மரம் ராஜா.

மெங்கு பெரும்பனிமலை. 1997. உச்சிக் காட்டில் அடர்ந்து நின்ற மூங்கில் பூத்துக் காய்ந்து கருகியது. மறைப்பு போனதும் உள்ளே தேயிலை மரங்கள். 2,200 மீட்டரில் தொடங்கி 2,700-க்கும் மேலே வரை.



இங்கே நிற்பது யாரும் நடாதது. இனமே வேறு: கமேலியா தாலியென்சிஸ். தளிரைத் தடவினால் வெள்ளைப் பூமயிர் தட்டுப்படாது, வழவழப்பு. காட்டுத் தேயிலை என்று சொல்லத் தகுதி உள்ளது இதுதான். யோசித்துக் குடிக்க வேண்டியதும் இதுதான். சிலருக்கு வயிற்றைப் புரட்டும் என்று மலைக்காரர்களே சொல்கிறார்கள்.

உறையில் 'காடு' என்று போட்டிருப்பதில் பெரும்பகுதி, தாத்தாக்கள் நட்ட தோட்டம். நல்லவேளை.

வாணலி. பறித்து வாடவிட்ட இலைக்கு, பெரிய இரும்பு வாணலி. அடுப்பில் சமமாக வைப்பதில்லை, ஆளை நோக்கிச் சரித்துப் பதித்திருக்கிறார்கள். விறகு தள்ளும் வாய் சுவருக்கு அந்தப் பக்கம். புகை இலையில் ஏறினால் விலை போச்சு.

வாடிய இலையைக் கொட்டி, அள்ளி, உதறி, அள்ளி, உதறி. கையுறை இல்லாமல் முடியாது. ஆவி வெளியே போக வேண்டும், இலை கருகக் கூடாது. காம்பை மடித்துப் பார்க்கிறார்கள். முறிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வளைந்தால் இறக்கலாம்.

பிறகு மூங்கில் தட்டில் போட்டு உருட்டல். பிறகு வெயில்.

இந்த வெயில்தான் விஷயம். அடுப்புச் சூட்டில் காய வைத்தால் அது வேறு தேயிலை. 2008-இல் வந்த சீனத் தர விதியும் அதையே சொல்கிறது: யுன்னான் பெரிய இலை, வெயிலில் காய்ந்தது. இவை இல்லாமல் பூஅர் தேயிலை இல்லை.

மழைக்குப் பயந்து மாடியில் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள். மேகத்துக்கு என்ன செய்வது?

நண்டுக்கால். ஜிங்மாய் மரங்களில் தொற்றி வளரும் ஒரு புல்லுருவி. இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தட்டையாக, கணுக் கணுவாக. தேயிலை மரத்தின் சாற்றை உறிஞ்சித்தான் பிழைப்பு.

நம் தோட்டத்தில் கங்காணி பார்த்தால் வெட்டி எறியச் சொல்லியிருப்பார். இவர்கள் அதையும் பறித்துக் காய வைத்து விற்கிறார்கள். அழுத்திச் செய்த சில தேயிலைக் கட்டிகளில் இலைகளுக்கு நடுவே மஞ்சள் கலந்த பச்சையில் அது தெரியும். பழைய மரத்தில்தான் அது வரும், ஆகவே இது பழைய மரம் என்று ஒரு அத்தாட்சி.

அத்தாட்சி தனியாகவும் கிடைக்கிறது, கிலோ கணக்கில். எந்த இலையோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் நூற்றாண்டு. தாங் அரசு அதிகாரி ஃபான் சுவோ இந்த வட்டாரத்தைப் பற்றி 'மான் ஷூ' என்று ஒரு நூல் எழுதினார். யின்ஷெங் மலைகளில் தேயிலை வருகிறது, பறிப்பதற்கும் பக்குவப்படுத்துவதற்கும் முறை ஒன்றும் இல்லை, சீன மிளகும் இஞ்சியும் பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள் என்கிறார். தலைநகர்க்காரர் குரல்.

மசாலா டீ குடிக்கிற நமக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

குடிப்பது மட்டும் இல்லை, தின்கிறார்கள்.

ஜினோ மக்கள் பச்சைக் கொழுந்தைக் கையால் கசக்கி, உப்பு, மிளகாய், பூண்டு சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். அவர்களைத் தனி இனம் என்று அரசு ஏற்றது 1979-இல். 56-ஆவது. கடைசியும் அதுதான்.

புலாங் மக்களிடம் புளித்த தேயிலை. வேகவைத்து, மூங்கில் குழாயில் இறுக்கி அடைத்து, மண்ணில் புதைத்துவிடுவது. வாரங்கள் கழித்துத் தோண்டி எடுத்து மெல்லுவது. பர்மாவில் இதற்கு உறவு லப்பே. வடக்குத் தாய்லாந்தில் மியாங்.

தேஆங் மக்களின் பிறப்புக் கதை: ஆதியில் 102 தேயிலை. காற்றில் உதிர்ந்து ஆளாயின. 51 ஆண், 51 பெண்.

மண்ணும் இல்லை, விலா எலும்பும் இல்லை.

ஒரு கட்டி 357 கிராம். முந்நூற்றைம்பது இல்லை, நானூறு இல்லை. ஏழு கட்டி ஒரு சிப்பம், இரண்டரைக் கிலோ. பன்னிரண்டு சிப்பம் ஒரு மூட்டை, முப்பது கிலோ. பக்கத்துக்கு ஒரு மூட்டையாக இரண்டை ஒரு கோவேறு கழுதை சுமக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். சிப்பத்துக்கு ஏழு கட்டி என்பது 1735-இல் சிங் அரசு போட்ட விதி.

கழுதை போய் லாரி வந்து எத்தனையோ காலம். இன்னும் 357.

சுற்றும் காகிதம் தாய் மக்கள் மரப்பட்டையில் கையால் செய்வது. சிப்பத்துக்கு மூங்கில் பாளை. கட்ட மூங்கில் நார். இத்தனைக்கும் மேலே ஹோலோகிராம் ஸ்டிக்கர்.

நண்பர் யுன்னான் தலைநகர் குன்மிங்கிலிருந்து கொண்டுவந்த கட்டி ஒன்று மேசையில்.

கத்தி போடக் கூடாது. மழுங்கிய ஊசி. ஓரத்தில் குத்தி மெல்ல நெம்பினால் அடுக்கடுக்காகப் பிரியும். அவசரப்பட்டால் பொடி.

முதல் வெந்நீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். கை வராது, நம் வீட்டு வளர்ப்பு அப்படி. இரண்டாவது ஊற்றில் வெளிர் மஞ்சள். கொழுத்த கசப்பு. பால் ஊற்றத் தோன்றும். வேண்டாம்.

விழுங்கி ஒரு நிமிடம் கழித்துத் தொண்டையில் இனிப்பு. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த வாய். யுன்னானிலும் நெல்லிக்காய் விளைகிறது, உப்பு மிளகாய் தொட்டுத் தின்கிறார்கள், இந்தத் தேயிலையைப் பற்றிப் பேசும்போது அவர்களும் நெல்லிக்காயைத்தான் இழுக்கிறார்கள்.

பத்துத் தடவை ஊற்றினாலும் சாறு விடுகிறது.

கடைசியில் ஒரு இலையை எடுத்துத் தட்டில் விரித்தேன். நடுவிரல் நீளம். காம்பு தடிப்பு. ஓரத்தில் பூச்சி கடித்த ஓட்டை. நுனியில் வாணலி சுட்ட புள்ளி. விரலால் தேய்த்தாலும் கிழியவில்லை. எந்த மரம், என்ன வயது என்று அதில் ஒன்றும் இல்லை. அதெல்லாம் உறையில் இருந்தது.

ஜிங்மாய் மலையில், மங்ஜிங் ஊர்ப் பக்கம் ஒரு பெருமரம், ஆல் இனம். கிளைக்குக் கிளை தேன்கூடு. சாமி மரம். கை வைக்கக் கூடாது.

1970-கள், 80-கள். பழைய தேயிலை மரத்துக்கு அந்த மதிப்பு இல்லை. மகசூல் குறைவு, ஏற வேண்டும், இலை ஒரே அளவாக வராது. சரிவை வெட்டிப் படிப்படியாகப் புதுத் தோட்டம் போட்டார்கள். சில ஊர்களில் பழைய மரங்களையும் குட்டையாக வெட்டிவிட்டார்கள். வளர்ச்சித் திட்டம்.

வெட்டுப்பட்டவை இன்னும் அடையாளம் தெரியும். முழங்கால் உயரத்தில் ஒரு முடிச்சு, அதிலிருந்து நாலைந்து தண்டு. இப்போது அவற்றுக்கும் பழைய மரத்து விலைதான், கொஞ்சம் குறைத்து.

1973, குன்மிங். பூஅரைச் சீக்கிரம் பழசாக்க ஒரு வழி. இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, மூடி வைத்து, சூடேற விட்டு, கிளறி. கிடங்கில் பல வருடம் கிடந்தால் வரும் கறுப்பு, மாதக் கணக்கில் வந்துவிட்டது. பழசாவதற்குக் காத்திருந்தது ஹாங்காங். உணவு விடுதிகளில் அதைக் கேட்டுக் குடிப்பார்கள்.

விளைந்த ஊரில் பழையதைக் குடிக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. 1990-களில் தைவான்காரர்கள் யிவூ மலைக்கு வந்து பழைய கட்டியைத் தேடினார்கள். பழைய கட்டி ஹாங்காங்கில் இருந்தது. யிவூவில் மரம்தான் இருந்தது.

2007. சிமாவோ நகரம் தன் பெயரைப் பூஅர் என்று மாற்றிக்கொண்டது. அதே வருடம் பூஅர் விலை உச்சிக்குப் போய், அதே வருடம் கவிழ்ந்தது.

லாவ்பன்சாங். ஹானி மக்கள் ஊர். பறிப்புக் காலத்தில் ஊர் வாசலில் சோதனை. வெளியூர் இலை உள்ளே போகிறதா என்று பார்க்கிறார்கள். சோதனைச் சாவடி என்றால் சரக்கு வெளியே போவதைத்தான் பார்ப்பார்கள், இங்கே தலைகீழ். உள்ளே வந்துவிட்டால் எந்த இலையும் லாவ்பன்சாங் இலையாகிவிடும்.

ஊருக்குள்ளேயே வங்கிக் கிளை. மலை உச்சியில்.

ராஜா மரத்தைப் பார்க்க வருகிறவர்கள் வேரை மிதித்து மிதித்து மண் இறுகிவிடுகிறது. கட்டிப்பிடித்துப் படம். ஆகவே வேலி.

பாடா மலை மரம். 1961-இல் வெளியே தெரிந்தது. அப்போது 32 மீட்டர் உயரம் என்று பதிவு. பிறகு தலை முறிந்தது. 2012-இல் மரமே சாய்ந்தது. உள்ளே பொந்து. 1,700 வயது என்று எழுதியிருந்தார்கள். விழுந்தபோதும் 1,700-தான் எழுதினார்கள். நடுவில் போன ஐம்பது வருடத்தை யாரும் கூட்டவில்லை.

2023 மார்ச் முதல் தேதியிலிருந்து யுன்னானில் பழந்தேயிலை மரங்களுக்குத் தனிச் சட்டம். பழைய மரம் என்றால் நூறு வயதுக்கு மேல். காடோ தோட்டமோ, இரண்டும் சேரும்.

நூறு போதுமாம்.

நூறு தாண்டியவை நம் பக்கமும் உண்டு. 1867-இல் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையில், கண்டிச் சீமை லூல்கந்துரையில் 19 ஏக்கர் தேயிலை போட்டார். மலையகத்திலும் நீலகிரியிலும் அந்த நூற்றாண்டில் விதை போட்டு வளர்த்த செடிகள் இன்னும் கொழுந்து கொடுக்கின்றன. ஆணிவேர் உள்ளவை. தண்டு வெட்டி நட்ட புது ரகங்களுக்கு ஆணிவேர் கிடையாது.

இடுப்புயரம்தான். அடித்தண்டைக் குனிந்து பார்த்தால் தொடைப் பருமன். பாசி, முடிச்சு, கவாத்துக் கத்தி விழுந்த தழும்பு.

அதன் இலைக்கும் பக்கத்துப் புதுச் செடி இலைக்கும் ஃபாக்டரியில் ஒரே தராசு. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு நீலகிரிச் சிறு விவசாயிகள் போராடுவது வாடிக்கையாகிவிட்டது. செடியின் வயதை யாரும் அந்தக் கோரிக்கையில் சேர்த்ததில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு. ஆயிரம் வயது மரம் என்று உறையில் போட்டு மலிவாகக் கிடைத்தால், அது படித்தோட்டத்து இலை. அதிலும் நல்லது உண்டு, தாராளமாகக் குடிக்கலாம். முழுக் கட்டி வாங்காதீர்கள். பத்து கிராம் உதிரியாகக் கேளுங்கள், கடைக்காரரையே போட்டுத் தரச் சொல்லுங்கள், ஐந்தாவது ஊற்று வரை எழுந்து போகாதீர்கள். வயதுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.